கீழாநெல்லி உருண்டையும் ராணிப்பேட்டை ஊசியும்

மாசி வெயில் ஏறத் தொடங்கினால் வேலூர் வட்டாரத்தில் காட்பாடி, லத்தேரி, திருவலம் பக்கத்துக் கொல்லைகளில் நாட்டுக்கோழிகள் ஒவ்வொன்றாகத் தூங்கி விழும். உடனே கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாம் அம்மிக்கு வரும். அரைத்து உருட்டிக் கோழியின் வாயில் திணிப்பார்கள். "வெள்ளைக்கழிச்சலுக்கு இத உட்டா வேற மருந்தே கெடையாது" என்பார் வீட்டுப் பெரியவர். அவர் சொல்வதில் பாதி உண்மை. வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்தே கிடையாது. அந்த உருண்டையும் அதற்கு மருந்தில்லை.

வெள்ளைக்கழிச்சல் ஒரு வைரஸ் நோய். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் இமயமலையடிவாரத்து ராணிகெட்டிலும் தென்பட்டதால், இந்தியாவில் அதற்கு ராணிகெட் நோய் என்று பெயர். வீரியமான வகை வந்துவிட்டால், தடுப்பூசி போடாத கோழிகளில் பத்துக்கு எட்டு ஒன்பது சாவது சாதாரணம். தப்பிய ஒன்றிரண்டைக் காட்டித்தான் 'உருண்டை காப்பாற்றியது' என்ற பேச்சு பரவுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளையாகக் கழிவதெல்லாம் வெள்ளைக்கழிச்சல் ஆகாது. குடற்புழு, பாக்டீரியா, வெயில் தாங்காமல் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது என எதனாலும் கழியும். அவற்றில் சில தானாகவே சரியாகும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். பச்சையும் வெள்ளையுமான எச்சம், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இழுத்தல் எல்லாம் சேர்ந்து வந்தால்தான் சந்தேகம் வலுக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நோய்க்கான தடுப்பூசி காட்பாடிக்குப் பக்கத்திலேயே தயாராகிறது. ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம்தான் அதைத் தயாரிக்கிறது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஓர் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி முதல் இரண்டு வாரம் இலவச முகாமும் நடத்துகிறது. மரத்தில் ஏறி அடையும் கோழியைத் துரத்திப் பிடிக்க முடியாதவர்களுக்காக, தீவனம்போல் கொத்தித் தின்னும் குருணைத் தடுப்பு மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது.

"ஊசி போட்ட மறுநாளே செத்துப்போச்சு" என்ற புகாரும் பொய்யில்லை. பக்கத்து வீட்டுக் கோழி செத்த பிறகு அவசரமாக ஊசிக்கு ஓடினால், கிருமி ஏற்கெனவே உடம்பில் ஏறியிருக்கும். வெளியே தெரிய ஐந்தாறு நாள் ஆகலாம். எட்டு வாரத்து ஊசியைச் சின்னக் குஞ்சுக்குப் போட்டாலும் ஆபத்துதான். ஐஸ் இல்லாமல் பையில் தூக்கி வந்த மருந்தோ கொல்லாது, காக்கவும் காக்காது. பொய்கை சந்தையில் வாங்கிய சேவலை அன்றைக்கே மற்ற கோழிகளோடு விடுவது, பல வீடுகளில் நோய் நுழையும், யாரும் சந்தேகப்படாத வழி. இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்ப்பதே நல்லது.

மூலிகைக்காரர்கள் இங்கே ஒரு சாட்சியை அழைப்பார்கள்: "பல்கலைக்கழகமே சொல்லுதே!" சொல்கிறதுதான். தஞ்சாவூரில் அந்தக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி மரபுவழி கால்நடை மருத்துவத்தில் செய்த வேலை பெரிது. மாட்டு மடிவீக்கத்துக்கு அவர் சொன்ன சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புக் கலவையைத் தேசிய பால்வள வாரியமே நாடெங்கும் கொண்டுபோனது. ஆனால் மாட்டு மடியில் தடவியதன் பலன், கோழியின் நரம்புவரை போகும் வைரஸுக்குச் சான்றாகாது. கோழிக்கான மூலிகைக் குறிப்புகளும் தடுப்பூசிக்குத் துணையாகத்தான் நிற்க முடியும்.

அம்மை விஷயத்தில் பாட்டிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் கண்டால் வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசுகிறார்கள். அந்த விழுது வைரஸைக் கொல்லாது. தோல் அம்மை மூன்று நான்கு வாரத்தில் தானாகவே காய்ந்து உதிரும். அதுவரை புண் சீழ் பிடிக்காமல் இருக்க விழுது உதவக்கூடும். அம்மையைப் பரப்புவதில் கொசுவுக்குப் பெரிய பங்கு. அதனால் அந்தியில் கூண்டருகே வேப்பிலைப் புகை போடும் பழக்கத்தில் நியாயம் இருக்கிறது. தொண்டைக்குள் அம்மை வந்து கோழி மூச்சுக்குத் திணறினால் விழுதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

செள்ளுக்குச் சாம்பலும் மணலும் கலந்த குழி வெட்டி வைப்பது நல்ல யோசனை. கோழி அதில் புரண்டு தன் இறகைத் தானே துப்புரவாக்கிக்கொள்ளும்.

இடி இடித்தால் அடைமுட்டை கூமுட்டையாகும் என்று கூடையில் ஆணியும் கரித்துண்டும் போடுகிறார்கள். ஆனால் முட்டையைக் கெடுப்பது வேலூர் வெயில். நாற்பது டிகிரி அடிக்கும் மாதத்தில் பத்து நாள் பானையில் சேர்த்த முட்டைக்குள், அடை வைக்கும் முன்பே கரு அரைகுறையாக வளர்ந்து செத்துப்போகும். ஈர மணலில் பதித்த மண்பானையில் நாலைந்து நாள் மட்டும் வைத்து, உடனே அடையில் விட்டால் பொரிப்பு கூடும்.

கடைசியாக, "கொல்லையில மேயுற கோழி, அதனால சுத்தம்" என்ற நம்பிக்கை. இந்தத் தோல் பதனிடும் வட்டாரத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. பாலாற்றில் கலந்த தோல் ஆலைக் கழிவுநீருக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவே ஒரு லட்சம் டன்னுக்கு மேல். வங்கதேசத்தின் ஹசாரிபாக்கில் குரோமியம் ஏறிய தோல் கழிவைக் கோழித் தீவனமாக்கி விற்றார்கள், நீதிமன்றம் தலையிட்டுத் தடை விதித்தது. கோழி புழுவோடு மண்ணையும் விழுங்கும் என்பதால், கழிவு கொட்டிய மனைப்பக்கம் அதைப் போகவிடாமல் வலை கட்டுவதும், தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தட்டில் வைப்பதும், குழாய்த் தண்ணீர் கொடுப்பதும் இங்கே செய்ய வேண்டிய இயற்கை வைத்தியம்.