பசளைக் கல்லின் உள்ளமைப்பை இலேசர் ஒளியால் அறிதல்

கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள கொழும்புத் துறைமுகத்தில் இறக்கப்படும் பசளை, நாட்டின் பல பாகங்களிலுமுள்ள வயல்களையும் தோட்டங்களையும் சென்றடைகின்றது. அந்நிலங்களில் விளையும் நெல்லும் மரக்கறியும் வெள்ளவத்தைச் சந்தை போன்ற இடங்களுக்கு வந்து நகர மக்களின் உணவாகின்றன. பசளையிற் கலந்திருக்கும் பொருள்களுட் சில பயிருக்கு உணவாகும். சில மண்ணிலேயே தங்கும். சில விளைபொருளிலும் சேரும். ஆதலால், பசளைக்கு மூலமாகிய கல்லில் எப்பொருள் எவ்விடத்தில் உள்ளது என்பதைக் கமக்காரரும் அறிந்திருத்தல் நன்று.

தோற்றமும் உட்பொருளும்

கல்லின் தோற்றத்தைக் கொண்டு அதன் உட்பொருளைத் துணிதல் இயலாது. கொழும்பில் 1877 இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளளவைப் பகுதியின் தலைவராகக் கடமையாற்றினார். அவர் 1904 இல் இந்நாட்டிற் கண்டெடுத்த பாரமான கரிய கல், யுரேனியம் மிகுந்த ஒரு கனிப்பொருளென முதலிற் கருதப்பட்டது. இரசாயனப் பகுப்பின் பின்னரே அதன் பெரும்பாகம் தோரியம் என்பது தெரியவந்தது. அது தோரியனைற்று எனப் புதுப்பெயர் பெற்றது.

அக்காலத்திற் கல்லை இடித்துப் பொடியாக்கி, அமிலத்திற் கரைத்தே பகுத்தனர். இம்முறை இன்றும் பயனுள்ளதே. ஆனால் இதனாற் கிடைப்பது சராசரி அளவு மாத்திரமே. வயல் முழுவதிலும் வெட்டிய நெல்லை ஒரே களத்திற் குவித்து அளந்தால் மொத்த விளைவு தெரியும். எந்த மூலையில் விளைவு குன்றியது என்பது தெரியாது. ஒவ்வொரு வரவைக்குள்ளும் விளைந்ததைத் தனித்தனியே அளந்தாலன்றி அது புலப்படாது. கல்லின் நிலையும் அவ்வாறே.

இலேசர் முறை

கல்லை இவ்வாறு இடம் இடமாக அளப்பதற்கு இலேசர் ஒளியும் திணிவு நிறமாலைமானியும் ஒருங்கே பயன்படுகின்றன. இங்கிலாந்தின் சறே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் கிறே என்பவர் 1985 இல் இம்முறையை விவரித்தார். அதன் படிகள் பின்வருமாறு:

1. கல்லின் ஒரு துண்டை வெட்டிப் பிசினிற் பதித்து, மேற்பரப்பைச் சமமாக மினுக்குவர்.

2. அதனை மூடிய கூடொன்றில் வைத்து, இலேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்துவர். ஒளி படும் இடத்தில் ஒரு நுண்ணிய குழி உண்டாகும். அதன் அகலம் பெரும்பாலும் மனிதனின் தலைமயிரின் தடிப்பளவே. அதனினும் சிறிதாகவும் அமைக்கலாம்.

3. குழியிலிருந்து எழும் நுண்டூளை ஈலியம் வாயு ஏந்திச் செல்லும். பல ஆயிரம் பாகை வெப்பமுள்ள ஆகன் வாயுச் சுவாலையில் அத்தூள் அணுக்களாகப் பிரிந்து மின்னேற்றம் பெறும்.

4. நிறமாலைமானி அவ்வணுக்களைத் திணிவின்படி பிரித்து எண்ணும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைந்த அளவையும் அது காட்டவல்லது. 50 கிலோ மூடையொன்றிற் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு கிராமின் இருபதில் ஒரு பங்காகும்.

ஏர் சால் சாலாகச் செல்வதுபோல், ஒளியும் கல்லின் மீது வரி வரியாகச் செல்லும். வரிகளை அடுத்தடுத்து வைத்து நிறந்தீட்டினால், ஒவ்வொரு மூலகத்துக்கும் ஒவ்வொரு படம் கிடைக்கும்.

அளவு பிழையாதிருக்க, உட்பொருள் முன்பே அறியப்பட்ட கண்ணாடியையோ கல்லையோ உடன்வைத்து ஒப்பிடுவர். அயன் கற்றை கொண்டு செய்யும் இதையொத்த ஆய்வுக்கு, இலங்கையிற் கிடைத்த எம்257 என்னும் சேர்க்கன் கல் 2008 இல் ஒப்பீட்டுக் கல்லாக வெளியிடப்பட்டது. எவ்விடத்திலும் ஒரே தன்மையாய் இருத்தலே அதன் சிறப்பாகும்.

எப்பாவலைப் பொசுபேற்று

அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் பொசுபேற்றுப் படிவு 1971 இற் கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள முதன்மைக் கனிப்பொருள் அபதைற்று ஆகும். அதிற் பொசுபரசு, கல்சியத்துடன் பளிங்கினுள் இறுகப் பிணைந்துள்ளது. பளிங்குகளுக்கிடையே, மழையாலும் வெப்பத்தாலும் சிதைந்து உண்டான வேறு பொசுபேற்றுப் பொருள்களும் உள. சராசரி அளவு இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். இலேசர்ப் படமோ வேறு வேறாகக் காட்டும்.

இப்படிவைத் தோண்டுவதற்கான திட்டத்தை எதிர்த்து எப்பாவலை மக்கள் தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றம் 2000 இல் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் எதுவும் செய்யுமுன், நாட்டிலுள்ள அபதைற்றின் இடம், அளவு, தரம் ஆகியவற்றை முற்றாக ஆராய்தல் வேண்டுமென அத்தீர்ப்புப் பணித்தது. கல்லின் உட்பொருளை அறிவது நிலத்தையும் குடிகளையும் பற்றிய விடயம் என்பதற்கு இது சான்று.

எப்பாவலைக் கல்லின் மொத்தப் பொசுபரசு மிகுதி. எனினும் எளிதிற் கரையும் பங்கு சிறிது. ஆகவே அதன் தூள் தேயிலை, இறப்பர், தென்னை ஆகிய நீண்டகாலப் பயிர்களுக்கு ஏற்றது. மூன்று நான்கு மாதங்களில் விளையும் நெல்லுக்கும் மரக்கறிக்கும் அது வேண்டிய காலத்தில் உதவாது. அமிலத்தாற் பதப்படுத்திய ரி.எஸ்.பி. போன்ற பசளையே அவற்றுக்கு விரைவிற் பயன்படும்.

பொசுபேற்றுக் கற்களிற் கட்மியம், ஆசனிக்கு ஆகிய தீங்குதரும் மூலகங்களும் சிறிதளவு இருத்தல் கூடும். கடலடியிற் படிந்த கற்களிலேயே கட்மியம் பொதுவாக மிகுதி. எப்பாவலைக் கல்லைப் போல எரிமலைக் குழம்பின் வழிவந்தவற்றிற் குறைவு. மண்ணிற் சேர்ந்த கட்மியத்தை அகற்றுதல் மிகக் கடினம். இலைக்கறிகள் அதனை எளிதில் உறிஞ்சும்.

முறையின் எல்லை

இலேசர் முறை மூலகத்தின் அளவையும் இடத்தையும் காட்டும். அம்மூலகத்திற் பயிர் எவ்வளவை உறிஞ்சும் என்பதை அது கூறாது. அதற்குக் கரைதிறன் சோதனையும், மண் சோதனையும், வயற் பரீட்சையும் வேண்டும்.

கமக்காரர் கைக்கொள்ளத்தக்கவை

மூடையிற் குறித்த மொத்த அளவை மாத்திரம் பாராது, எளிதிற் கரையும் பங்கையும் கேட்டறிதல் வேண்டும். பாறைப் பொசுபேற்றுத் தூளை நெல்லுக்கும் மரக்கறிக்கும் விரைவுப் பசளையாக இடலாகாது. பசளையிடுமுன், நிலத்திற் பல இடங்களில் 15 சதமமீற்றர் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவைச் சோதனைக்கு அனுப்புதல் நன்று. முன்பு இட்ட பொசுபரசு மண்ணிற் போதிய அளவு தங்கியிருப்பின், மேலும் இடுவது பணவிரயமாகும். வேண்டாத மூலகங்களையும் அது நிலத்திற் சேர்க்கும். மலைநாட்டு மரக்கறி நிலங்கள் பலவற்றில் இந்நிலை காணப்படுகின்றது. ஐயமேற்படின், அப்பகுதி விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.