ஒரு பருத்திச் செடி, ஒரு தக்ளி, இரண்டு ஊசிகள்

நாளை வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள்: "சீருடைச் சட்டையும் விளையாட்டு வேளையில் போடும் பனியனும் ஒரே மாதிரித் துணியா?" பிள்ளைகள் இரண்டையும் இழுத்துப் பார்ப்பார்கள். பனியன் நீளும், சட்டை அவ்வளவாக நீளாது. உருப்பெருக்கியை வைத்தால் காரணம் புரியும். சட்டைத் துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஏறி இறங்குகின்றன. பனியனில் நூல் வளையம் வளையமாகக் கோத்துச் செல்கிறது. முன்னது நெசவு, பின்னது பின்னல். திருப்பூரில் இயந்திரம் செய்யும் பின்னலை நாம் இரண்டு ஊசிகளால் கையிலும் செய்யலாம்.

"அந்த நூல் எங்கிருந்து வந்தது?" என்ற அடுத்த கேள்வி நம்மைத் தக்ளிக்கும், பிறகு பருத்திச் செடிக்கும் அழைத்துச் செல்லும். தொட்டித் தோட்டம், கைநூற்பு, பின்னல் ஆகிய மூன்றையும் ஒரே கல்வியாண்டில் ஒரு பொழுதுபோக்காகக் கோக்கலாம்.

செடி

ஜூன் மாதத்தில் தொடங்குவது நல்லது. ஓரடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டி அல்லது வளர்ப்புப் பை போதும். அடியில் நீர் வடியத் துளைகள் இருக்க வேண்டும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய உரம் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்பி, இரண்டு விதைகளை ஊன்றுங்கள். முளைத்ததும் வலுவான கன்றை மட்டும் விடுங்கள். நல்ல வெயில் படட்டும். தண்ணீர் தேங்க விடாதீர்கள். மாவுப்பூச்சி தென்பட்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கும். அதன்பின் ஆறேழு வாரங்களில் காய் வெடிக்கும். அது மழைக்காலம், நனைந்தால் பஞ்சு கெடும். வயலை நகர்த்த முடியாது, தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தலாம்.

நூல்

கொட்டையின் மேல்தோலில் உள்ள ஒரே ஒரு செல் நீண்டு வளர்ந்ததுதான் ஒரு பஞ்சு இழை. காய்ந்ததும் அது தட்டையாகித் தானாகவே முறுக்கிக்கொள்கிறது. அதனால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. செல் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

தக்ளி கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம். ஒரு சாண் சைக்கிள் கம்பியின் மேல்நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, அடிப்பகுதியில் வட்டமாக வெட்டிய சிரட்டைத் துண்டைச் செருகுங்கள். வெட்டுவதையும் வளைப்பதையும் ஆசிரியரே செய்ய வேண்டும். கம்பியின் முனைகளை மழுங்கத் தேய்த்துவிடுங்கள். இன்னொரு சிரட்டையில் தக்ளியை நிறுத்திச் சுழற்றி, மறு கையால் பஞ்சை மெல்ல இழுக்க வேண்டும்.

கணக்கும் இங்கேயே இருக்கிறது. ஒரு காயில் கிடைக்கும் பஞ்சு ஏறத்தாழ ஒரு கிராம். 10ஆம் நம்பர் நூலாக நூற்றால் ஒரு கிராமுக்குச் சுமார் 17 மீட்டர் வரும். ஒரு கைக்குட்டைக்கு எத்தனை காய், எத்தனை செடி என்று பிள்ளைகளே கணக்கிடட்டும்.

பின்னல்

பழகும்போது கடையில் வாங்கும் கெட்டி நூலே எளிது. 20 கண்ணி ஏற்றிச் சதுரமாகப் பின்னினால் கரும்பலகை துடைக்கும் துணி தயார். கை பழகிய பிறகு, தக்ளியில் நூற்ற நூலை இரண்டு மூன்று புரியாகச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கிப் பின்னலாம். பின்னல் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று யாரும் ஒதுங்க விடாதீர்கள்.

மதிப்பெண் வேண்டாம்

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழில் வழியாகவே கல்வி நடக்க வேண்டும் என்று காந்தியடிகள் வலியுறுத்தினார். பிள்ளைகள் செய்யும் பொருள் பள்ளிச் செலவை ஈடுகட்ட வேண்டும் என்றும் அப்போது எதிர்பார்க்கப்பட்டது. இன்று நமக்கு அந்த எதிர்பார்ப்பு தேவையில்லை. ஆனால் அதன் இடத்தில் நாம் வேறொன்றைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். நானும் வைத்தேன்.

ஏழாம் வகுப்பில் நூற்பு தொடங்கிய முதல் இரு வாரமும் வகுப்பே திருவிழாவாக இருந்தது. மூன்றாம் வாரம், நூற்ற நூலின் நீளத்தை அளந்து மதிப்பெண் போடத் தொடங்கினேன். அடுத்த வாரமே, எல்லாரையும்விட ஆசையாக நூற்ற மாணவன் ஒருவன் கடை நூலைத் தக்ளியில் சுற்றிக்கொண்டு வந்தான். நூலின் சீர்மையே காட்டிக்கொடுத்தது. தனியே அழைத்துக் கேட்டேன். "எனக்கு நூல் அறுந்துகிட்டே இருக்கு மிஸ். மார்க் போயிடுமேன்னு..." என்றான்.

அவனைப் பொய் சொல்ல வைத்தது என் அளவுகோல்தான். மதிப்பெண் பதிவை அன்றே நிறுத்தினேன். மறுநாள் நானும் தரையில் உட்கார்ந்து நூற்றேன். என் நூல் அவனுடையதைவிட அதிகமாக அறுந்தது. "அறுந்த நுனியைப் பஞ்சு மேல வச்சு லேசா சுத்துங்க மிஸ், ஒட்டிக்கும்" என்று அவன்தான் சொல்லிக் கொடுத்தான்.

ஆசிரியர்களே, இதைத் தொடங்குமுன் நீங்களே ஒரு மாதம் நூற்றுப் பாருங்கள், ஒரு சதுரம் பின்னிப் பாருங்கள். வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். குறிப்பேட்டில் அவர்கள் விரும்பியதை எழுதட்டும், வரையட்டும். மற்ற பாடங்களில் அளப்பதற்கு நமக்கு எவ்வளவோ இருக்கிறது. அறுந்தாலும் யாரும் கணக்குப் பார்க்காத ஒரு நூல் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும்.