ஆழத்திற்குச் சென்ற அருட்சகோதரி

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் வகுப்புத் தோழியர் சார்பில்)

இரவெல்லாம் வலை வீசியும் ஒரு மீன்கூட அகப்படாமல் கரைக்குத் திரும்பிய பேதுருவிடம், படகை ஆழத்திற்குக் கொண்டுபோகும்படி நம் ஆண்டவர் சொன்னதை லூக்கா நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கரையோரத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான். அங்கே புயலுக்குப் பயம் இல்லை. வீடும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். பேதுருவுக்கோ உடல் களைத்திருந்தது. மறுபடியும் போவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை, சொன்னவர் யார் என்பதைத் தவிர.

தோழியரே! நமக்கும் அப்படி ஒரு கரை உண்டு. வீடு, பள்ளி, தெரிந்த பாடம், தெரிந்த செபம், தெரிந்த முகங்கள் எல்லாம் சேர்ந்ததே அந்தக் கரை. அதற்கு மதில் எழுப்பியிருப்பவை இரண்டே இரண்டு சொற்கள்: "நமக்கேன் வம்பு?" அடுத்த வீட்டில் அழுகுரல் கேட்டால் சன்னலைச் சாத்துகிறோம். பேருந்தில் ஒரு பாட்டியிடம் சில்லறை கொடுக்காமல் நடத்துநர் ஏமாற்றினால் வெளியே மரங்களை வேடிக்கை பார்க்கிறோம். பெற்றோர் இந்தச் சொற்களை நம்மீதுள்ள அன்பினால்தான் சொல்கிறார்கள். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும் அந்த மதிலைத் தாண்டிப் போன ஒரு கன்னிகையின் வரலாற்றை இவ்வாண்டு மறைக்கல்வி வகுப்பில் படித்தோம். அதை மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டத்தில் புல்லுவழி என்று ஓர் ஊர். அங்கே 1954-ஆம் ஆண்டு சனவரி 29-ஆம் நாள், விவசாயம் செய்து வாழ்ந்த பைலி, ஏலீசுவா தம்பதியரின் ஏழு பிள்ளைகளுள் இரண்டாவதாகப் பிறந்தவர் மரியம். பள்ளிப் படிப்பு முடிந்தபின் பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்தார். 1974 மே 1 அன்று முதல் வார்த்தைப்பாடு கொடுத்தார். சபையில் அவர் பெயர் ராணி மரியா. பரணங்ஙானத்தில் நோயோடு பல ஆண்டுகள் போராடி 1946-இல் இறைவனடி சேர்ந்த புனித அல்போன்சாவும் இதே சபையைச் சேர்ந்தவர்தாம். ஒருவர் படுக்கையில் கிடந்தபடியே புனிதரானார். மற்றவர் ஊர் ஊராக நடந்தார். துணிவு என்றாலே தூரம் போவது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லி வைத்தோம்.

ராணி மரியா தூரமும் போனார். 1975-ஆம் ஆண்டின் இறுதியில் உத்தரப் பிரதேசத்திலுள்ள பிஜ்னோருக்கு அனுப்பப்பட்டார். புல்லுவழியிலிருந்து அது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். மலையாளத்தில் செபித்து வளர்ந்தவர் இனி இந்தியில் பேச வேண்டும். அங்கே முதலில் அவர் பள்ளி ஆசிரியை. எங்களைப் போன்றவர்களை வகுப்பில் அடக்கி வைப்பது எளிய வேலை இல்லை என்பதை நம் ஆசிரியைகள் ஒப்புக்கொள்வார்கள். இருந்தாலும் பள்ளிக்கூடத்திற்குச் சுற்றுச்சுவர் உண்டு. மணி அடித்தால் பாடம், மணி அடித்தால் உணவு. அவருடைய மனம் சுவருக்கு வெளியே இருந்த ஏழைகளிடம் சென்றது. சில ஆண்டுகளில் சமூகப் பணிக்கு வந்தார். 1983-இல் மத்தியப் பிரதேசத்தில் சாத்னா மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஓடகடிக்கும், 1992-இல் இந்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த உதயநகருக்கும் அவருடைய பணி மாறியது.

வீட்டைத் துறந்ததும், மொழியையும் ஊரையும் விட்டதும் பெரிய காரியங்கள்தாம். ஆனால் இவற்றைச் செய்த கன்னியர் நம் நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. நம் மடத்திலேயே இருக்கிறார்கள். ராணி மரியா கரையை விட்டு உண்மையிலேயே ஆழத்திற்குப் போனது இதற்கெல்லாம் பிறகுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். ஏழைகளுக்கு மருந்தும் துணியும் அரிசியும் கொடுக்கும்வரை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கொடுப்பவரை எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். "இந்த மக்கள் ஆண்டு முழுவதும் உழைத்தும் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள்?" என்று ஒரு கன்னிகை கேட்கத் தொடங்கினால்தான் ஊரில் சிலருக்கு முகம் சுளிக்கும்.

உதயநகரைச் சுற்றியிருந்த பழங்குடி விவசாயிகள் கடனில் மூழ்கியிருந்தார்கள். விதைப்புக்குப் பணம் இல்லை. வட்டிக்குக் கொடுப்பவரிடம் போனால் உடனே கிடைக்கும். படிக்கத் தெரியாதவர் காகிதத்தில் கைநாட்டு வைக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கணக்கில் கெட்டிக்காரிகளான நம் தோழியர் இதைப் போட்டுப் பார்த்தார்கள். நம் ஊர்ப் பேச்சில் "நூற்றுக்கு ஐந்து வட்டி" என்று சொல்வதுண்டு. கேட்கும்போது ஐந்துதானே என்று தோன்றும். அது ஒரு மாதத்துக்கு உரிய வட்டி. ஆயிரம் ரூபாய் வாங்கியவர் மாதம் 50 ரூபாய் கட்ட வேண்டும், ஆண்டுக்கு 600. இரண்டு ஆண்டுகளில் 1,200 ரூபாய் வட்டி கட்டிய பிறகும் அசல் ஆயிரம் அப்படியே நிற்கும். ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்று ஒரு வங்கி கொடுத்தால் அதே ஆயிரத்துக்கு ஓராண்டு வட்டி 120 ரூபாய்தான். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் பார்த்தபோது எங்கள் வகுப்பில் சிலர் பேசாமல் இருந்தார்கள். ஏனென்றால் இது மத்தியப் பிரதேசத்துக் கதை மட்டும் இல்லை. தமிழ்நாட்டிலும் கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

சகோதரி ராணி மரியா என்ன செய்தார்? கூட்டம் போட்டு யாரையும் ஏசவில்லை. விவசாயிகளிடம் அரசின் திட்டங்களைப் பற்றிச் சொன்னார். வங்கியில் கடன் பெறும் வழியைக் காட்டினார். பெண்களைக் குழுவாகச் சேர்த்துச் சிறுசேமிப்புத் தொடங்கச் செய்தார். எழுதப் படிக்கக் கற்பதற்கும், நியாயமான கூலியைக் கேட்பதற்கும் ஊக்கம் தந்தார். இவை எவையும் சட்டத்திற்குப் புறம்பானவை அல்ல. ஒரு மனு எழுதுவது, ஒரு படிவத்தை நிரப்புவது, ஓர் அலுவலகத்தின் வாசலில் காத்திருப்பது என்று பார்ப்பதற்குச் சாதாரண வேலைகள். ஆனால் வங்கியின் கதவு திறந்தால் வட்டிக்காரரின் வாசலில் கூட்டம் குறைந்துவிடும் அல்லவா? அதனால் சிலர் அவரைப் பகைத்தார்கள்.

எங்களுள் ஒருத்தி வகுப்பில் எழுந்து, "இது அரசியல் இல்லையா? கன்னியர் செபிக்கவும் கற்பிக்கவும்தானே வேண்டும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடியபோது, இது சகோதரி ராணி மரியா புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை என்று தெரிந்துகொண்டோம். ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்கக் கூடாது என்ற கட்டளை விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலில் கொடிய வட்டியைக் கண்டித்திருக்கிறார். 1971-இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம், நீதிக்காக உழைப்பது நற்செய்தி அறிவிப்பின் இன்றியமையாத பகுதி என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு வெளியான காலத்தில்தான் ராணி மரியா மடத்தில் சேர்ந்தார். அவருடைய தலைமுறைக் கன்னியர் பலர் மடத்தின் வாசலைத் தாண்டிக் கிராமங்களுக்குப் போனது தற்செயலாக நடந்தது அன்று.

1995 பிப்ரவரி 25, சனிக்கிழமை. கேரளத்திலுள்ள தம் வீட்டாரைப் பார்க்கப் புறப்பட்ட சகோதரி, உதயநகரிலிருந்து இந்தூர் செல்லும் பேருந்தில் ஏறினார். வழியில் ஓர் இளைஞன் கத்தியை எடுத்து அவரைக் குத்தினான். பேருந்து நின்றது. வெளியே இழுத்துப் போட்டு மேலும் குத்தினான். உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள் இருந்தன. கடைசிவரை அவர் இயேசுவின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார் என்று கூறப்படுகிறது. அப்போது அவருக்கு வயது 41. பேருந்தில் பலர் இருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. கத்தியைக் கண்டால் யாருக்குத்தான் அஞ்சாது? அவர்களைக் குற்றம் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. எனினும் இதைப் படிக்கையில் நாம் மரங்களை வேடிக்கை பார்த்த பேருந்துகள் நினைவுக்கு வந்தன.

கொன்றவர் பிடிபட்டு ஆயுள் தண்டனை பெற்றார். சகோதரியின் பணியை விரும்பாத செல்வாக்கு மிக்கவர்கள் தம்மைத் தூண்டினார்கள் என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். சிறையில் அவர் மனம் வெறுப்பால் நிறைந்திருந்தது. சுவாமி சதானந்த் என்று அழைக்கப்பட்ட குருவானவர் ஒருவர் அவரைச் சிறையில் சந்தித்துப் பேசிவந்தார். சகோதரி ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையான செல்மி பாலும் அதே சபைக் கன்னிகைதாம். அவர் 2002 ஆகஸ்டில், ரட்சா பந்தன் விழாவையொட்டி, இந்தூர் சிறைக்குச் சென்றார். வடநாட்டில் அந்நாளில் சகோதரிகள் தங்கள் சகோதரர்களின் கையில் ராக்கிக் கயிறு கட்டுவது வழக்கம். தம் அக்காவைக் கொன்ற கையில் செல்மி பால் ராக்கி கட்டினார். அவரைச் சகோதரனாக ஏற்றார். குடும்பத்தார் மன்னிப்பு வழங்கி, விடுதலைக்காக மனுவிலும் ஒப்பமிட்டார்கள். 2006-இல் அவர் விடுதலையானார். பின்பு புல்லுவழிக்கே சென்று தாயார் ஏலீசுவாவிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தத் தாய் அவருடைய கைகளை முத்தமிட்டார். தம் மகளின் இரத்தம் பட்ட கைகள் அவை என்பதுதான் அதற்கு அவர் சொன்ன காரணம்.

இந்த இடத்தில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. வங்கிப் படிவமும் சேமிப்புக் குழுவும் எல்லோருக்கும் விளங்குகின்றன. நாமும் செய்யலாம் என்று தோன்றுகிறது. ராக்கி கட்டியதைப் பற்றிப் பேச்சு வந்தால் பாதிப் பேர் தலையாட்டுகிறோம், பாதிப் பேர் தலை குனிகிறோம். "என் அக்காவுக்கு அப்படி நடந்தால் என்னால் முடியாது" என்று ஒரு தோழி வெளிப்படையாகவே சொன்னாள். வேறொருத்தி, "தூண்டிவிட்டவர்களை என்ன செய்வது? அவர்களையும் மன்னிக்க வேண்டுமா?" என்று கேட்டாள். மன்னித்தாலும் நீதியைக் கேட்பதை விட்டுவிடலாகாது என்று சிலர் வாதாடினோம். மறைக்கல்விச் சகோதரி எங்களை வற்புறுத்தவில்லை. செல்மி பால் சிறைக்குப் போனது தம் அக்கா இறந்து ஏழு ஆண்டுகள் கழிந்த பின்பே என்பதை மட்டும் கவனிக்கச் சொன்னார்.

2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் கர்தினால் ஆஞ்சலோ அமாத்தோ தலைமையில் நடந்த திருப்பலியில் சகோதரி ராணி மரியா அருளாளர் என்று அறிவிக்கப்பட்டார். அவருடைய கல்லறை உதயநகரில் இருக்கிறது. திருநாள், அவர் உயிர் நீத்த பிப்ரவரி 25. நமக்கு அது தேர்வுக் காலம். தவக்காலமும் பெரும்பாலும் அந்நாட்களையொட்டியே தொடங்கும்.

ஆண்டுதோறும் தவக்காலத்தில் நம் பள்ளியில் வகுப்புக்கு ஓர் உண்டியல் வைக்கிறோம். மிட்டாய்க் காசை மிச்சப்படுத்திப் போடுகிறோம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் அதை ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியாகவும் புடவையாகவும் கொடுக்கிறோம். இவ்வாண்டு அதோடு ஒரு சிறு முயற்சியும் செய்ய எண்ணியிருக்கிறோம். உதவி பெறும் தாய்மார் விரும்பினால், அவர்களுக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, மாதம் என்ன வட்டி கட்டுகிறார்கள் என்று கேட்டு, நாங்கள் கரும்பலகையில் போட்ட அதே கணக்கை அவர்களுக்கும் போட்டுக் காட்டுவது. வங்கிக் கணக்குத் தொடங்கவோ மகளிர் குழுவில் சேரவோ விரும்புவோருக்குப் படிவம் எழுதிக் கொடுப்பது. சனிக்கிழமைகளில் ஒரு சகோதரி எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். ஐந்து பேருடைய பெற்றோர் சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். மற்ற மூவரின் வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.