கைமாற்றுக் கடனும் 2 வருடமும்

வருமான வரிக் கணக்கோடு வரும் அன்பர்கள் சிலர், வேலை முடிந்த பின்னும் எழும்பாமல் இருப்பார்கள். "தம்பி, ஒராளுக்குக் கைமாத்தா எட்டாயிரம் குடுத்தனான்..." என்று மெல்லத் தொடங்குவார்கள். துண்டு இருக்கிறதா என்றால், "சொந்தக்காரனிட்டை எப்பிடித் துண்டு கேக்கிறது?" என்பார்கள். நானும் ஒருமுறை கேட்காமல் விட்டவன்தான்.

ஒன்ராறியோவில் இதற்குச் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம் உண்டு. 2025 ஒக்ரோபரிலிருந்து 50,000 டொலர் வரை கோரலாம். சட்டத்தரணி கட்டாயமில்லை. ஆனால் காலவரையறை பொதுவாக 2 வருடம். கேட்டவுடன் தரவேண்டிய கடனென்றால், நீங்கள் கேட்டும் அவர் தராத நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். "தைக்குத் தாறன், சித்திரைக்குத் தாறன்" என்ற வாய்ப்பேச்சு அதை நிறுத்தாது. அந்த 2 வருடத்துக்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தினாலோ, அன்றிலிருந்து காலம் புதிதாக எண்ணப்படும். ஆகவே 100 டொலர் தந்தாலும் காசோலையாக வாங்குங்கள், திகதி நிற்கும்.

தீர்ப்புக் கிடைத்தாலும் நீதிமன்றம் தானாகப் பணத்தை அறவிட்டுத் தராது. அவருடைய சம்பளத்தில் பிடிக்க நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் கழிவுகள் போகக் கைக்கு வருவதில் பொதுவாக 20 சதவீதம் மட்டுமே. வங்கிக் கணக்கிலிருந்தும் பிடிக்கலாம், எந்த வங்கி என்று தெரிந்தால். அந்த 100 டொலர் காசோலையின் பிரதியை எறிந்துவிடாதீர்கள், விபரம் அதிலேயே இருக்கும்.