லிகேச்சருக்கு முன் ஒரு பேட்ச்

சாக்ஸபோன் கற்க வரும் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது ரீடை மவுத்பீஸோடு இறுக்கிப் பிடிக்கும் லிகேச்சரைப் பற்றித்தான். "சார், தங்க முலாம் போட்டது வாங்கினா நாதம் நல்லா வருமா?" அதற்கு முன் ஒரு பேட்ச் வாங்கி ஒட்டு என்பேன். முகம் வாடிவிடும்.

மவுத்பீஸின் மேல்பக்கம் பல் பதியும் இடத்தில் ஒட்டுகிற சின்ன ரப்பர் துண்டு அது. மேல்நாட்டு இசை வாசிப்பவரைவிட நமக்கு அது கூடுதலாகவே தேவை. சாக்ஸபோனில் கர்நாடக இசைக்குக் கத்ரி கோபால்நாத் போட்ட பாதையில் கமகம் வாசிக்கிறவருக்கு விரல் மட்டும் போதாது. உதடும் கீழ்த்தாடையும் சேர்ந்து உழைக்க வேண்டும். தோடி காந்தாரத்தை அசைக்கும்போது தாடை இறங்கி ஏறுகிறது. மேல்பல் ஓரிடத்தில் நின்றால்தான் அசைவு அளவோடு வரும். வழவழப்பான எபனைட்டில் பல் வழுக்கினால் நம்மையறியாமல் கடிக்க ஆரம்பிப்போம். கடித்தால் சுருதி ஏறும், நாதம் மெலியும். கூடவே, மவுத்பீஸின் அதிர்வு பல் வழியாக மண்டைக்குள் ரீங்கரிப்பதும் பேட்ச் இருந்தால் அடங்கும்.

சாக்ஸபோனுக்கு 0.8 மில்லிமீட்டர் கனம் எனக்குச் சரியாக இருக்கிறது. கிளாரினெட்டுக்கு 0.35; அந்தச் சின்ன மவுத்பீஸில் தடித்ததை ஒட்டினால் வாயை அதிகம் திறக்க வேண்டியிருக்கிறது. ஒட்டுமுன் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்துவிடுங்கள். பல் தடம் ஆழமாகப் பதிந்துவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான்.

லிகேச்சரில் விலையைவிட மாட்டும் விதம்தான் பேசும். முதலில் லிகேச்சரைத் தளர்வாகப் போட்டுக்கொண்டு, ரீடை மேலிருந்து உள்ளே இறக்குவேன்; நுனி உரசாது. ரீடு நுனிக்கு மேல் மவுத்பீஸின் கருப்பு மயிரிழை அளவு தெரிந்தால் போதும். கீழ்த் திருகை ரீடு நகராத அளவுக்கு முடுக்கி, மேல் திருகைச் சற்றுத் தளர்த்தியே விடுகிறேன். ரீடு சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, மவுத்பீஸின் அடித்துளையை உள்ளங்கையால் மூடி, மறுமுனையில் காற்றை உறிஞ்சி எடுங்கள். ரீடு ஒரு கணம் ஒட்டி நின்று 'டப்' என்று விட்டால் சரி. உடனே விட்டுவிட்டால் எங்கோ காற்று ஒழுகுகிறது, கீச்சிடப்போவது நிச்சயம்.

கச்சேரி நடுவே திருகு கழன்று போனால் பதற வேண்டாம். ஜெர்மன் கிளாரினெட்காரர்கள் பலர் இன்றும் ரீடை நூலால் சுற்றிக் கட்டித்தான் வாசிக்கிறார்கள். ஷூ கயிறு கூட ஒரு கீர்த்தனைக்குத் தாங்கும்.

கார்க் கிரீஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கழுத்துக் கார்க்கில் லேசாகத் தடவினால் மவுத்பீஸைத் திருகி ஏற்றும்போது கார்க் பிய்யாது.

எபனைட் மவுத்பீஸைக் கொதிநீரில் கழுவவே கூடாது. பச்சை பாய்ந்து கந்தக நாற்றம் அடிக்கும், வளைந்தும் போகலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டாலும் இதே கதிதான். ஆறிய தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி போதும்.

ஏசி கல்யாண மண்டபத்தில் வாசிக்கப் போகிறவர்கள் மவுத்பீஸை மூடும் கேப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள். தவில் தனி நடக்கும் நேரத்துக்குள் ரீடு நுனி காய்ந்து அலையலையாகிவிடும். மூடி வைத்தால் ஈரம் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் கேப்போடு அப்படியே பெட்டிக்குள் வைக்காமல், ரீடைக் கழற்றித் துடைத்துத் தட்டையான ரீடு பெட்டியில் வையுங்கள்.