ஆட்டோ கியர் பெட்டி மாற்றுமுன் ஆண்டைப் பாருங்கள்

மலேசியாவில் மளிகை வணிகம் செய்யும் நம்மில் பலருக்குக் காரே சரக்கு வண்டியாகவும் இருக்கிறது. விடியற்காலையில் செலாயாங் மொத்தச் சந்தையில் ஏற்றிய காய்கறியும் வெங்காயமும் சாகாவிலோ மைவியிலோ கடைக்கு வந்து சேருகின்றன. பாரத்தோடு நெரிசலில் நின்று நின்று ஓடும் வண்டியில் கியர் எண்ணெய் அதிகம் சூடாகிறது. ஆட்டோ கியர் பெட்டியின் ஆயுளும் குறைகிறது. அது கெட்டால் புதியது வாங்க மனம் வருவதில்லை. பழைய வண்டிகளை வெட்டி விற்கும் கடைக்குப் போகிறோம். "அதே கார்தானே, எந்த ஆண்டாக இருந்தால் என்ன?" என்று அங்கே எழும் கேள்விக்கான விடையை வணிகர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பெயர் ஒன்று, பெட்டி மூன்று

புரோட்டோன் சாகாவையே எடுத்துக்கொள்வோம். 2008இல் வந்த சாகாவில் 4 வேக ஆட்டோ பெட்டி இருந்தது. 2011இன் நடுப்பகுதியில் வந்த எஃப்.எல்.எக்ஸ் வகையில் அதற்குப் பதிலாக சி.வி.டி பெட்டி வைக்கப்பட்டது. 2019இல் சி.வி.டி நீக்கப்பட்டு, ஹூண்டாயின் 4 வேகப் பெட்டி வந்தது. பெரோடுவா மைவியிலும் 2005 முதல் 4 வேகப் பெட்டியே இருந்து, 2021 நவம்பரில் சி.வி.டி வந்தது.

4 வேகப் பெட்டி பல்சக்கரங்களால் இயங்குவது. சி.வி.டி இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடும் எஃகுப் பட்டையால் இயங்குவது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்த வேண்டுமானால் தாங்கிகள், சக்கரத் தண்டுகள், மின்கம்பித் தொகுதி, கணினி என்று எல்லாவற்றையும் மாற்ற நேரிடும். அது கட்டுபடியாகாத வேலை. 2008 சாகாவின் பெட்டியும் 2019 சாகாவின் பெட்டியும் இரண்டுமே 4 வேகம்தான் என்றாலும், தயாரிப்பு வேறு என்பதால் மாற்றிப் பூட்ட முடியாது.

வெளியே பொருந்தினால் போதாது

ஒரே வகைப் பெட்டியாக இருந்து, திருகுத் துளைகளும் சரியாக அமைந்துவிட்டாலும் வேலை முடிந்ததாகாது. தண்டின் முனையில் உள்ள பல்வரிகளின் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும் அந்தப் பெட்டிக்கு உரியதாக இருக்க வேண்டும். 1.3 எஞ்சினுக்கும் 1.5 அல்லது 1.6 எஞ்சினுக்கும் கடைசிப் பல்சக்கர விகிதம் வேறுபடலாம். வேறுபட்டால் வண்டி பாரம் இழுக்காது. அல்லது எண்ணெய் அதிகம் குடிக்கும்.

இன்றைய பெட்டிகளில் கியரை மாற்றச் சொல்வது கணினி. மின் இணைப்பின் ஊசிகளோ உணர்விகளோ மாறியிருந்தால், கணினி குழம்பிப்போய், பாதுகாப்புக்காக வண்டியை ஒரே கியரில் நிறுத்திவிடும். பட்டறையில் ஒழுங்காக நகர்ந்த வண்டி மேட்டில் மூட்டைகளோடு ஏற மறுப்பது இப்படித்தான்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

முதலில், பெட்டிதான் கெட்டதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எண்ணெய் குறைவு, பலவீனமான பேட்டரி, கெட்ட உணர்வி, அறுந்த கம்பி ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். பட்டறையில் கணினிச் சோதனை செய்து, பிழைக் குறியீடுகளை எழுதி வாங்க வேண்டும்.

இரண்டாவதாக, நம் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொண்டு பெட்டிக்குரிய பாக எண்ணைக் கேட்டறிய வேண்டும். பதிவு ஆண்டை மட்டும் நம்பக்கூடாது. 2011 சாகாவைப்போல் ஆண்டின் நடுவில் மாற்றம் வந்த வண்டிகள் உண்டு. பெட்டியின் மேலுள்ள குறியீட்டையும் மின் இணைப்பின் ஊசிகளையும் நம்முடையவற்றோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவதாக, எந்த ஆண்டு வண்டியிலிருந்து எடுத்தது, எத்தனை நாள் உத்தரவாதம், பொருந்தாவிட்டால் திரும்பப் பெறுவார்களா என்பவற்றை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். குத்தூசியால் குத்திப் பார்க்காமல் அரிசி மூட்டையை எடுக்காத நாம், இதில் மட்டும் வாய்ச்சொல்லை நம்பலாமா?

எஞ்சினோடு சேர்த்துப் பெட்டி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் எண் வண்டியின் பதிவில் இருக்கிறது. ஆகவே முன்கூட்டியே ஜே.பி.ஜே ஒப்புதல் பெறுவது அவசியம். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

பூட்டும்போது

டார்க் கன்வெர்ட்டர் முழுமையாக உள்ளே இறங்கி உட்கார்ந்த பிறகே பெட்டியை எஞ்சினோடு சேர்க்க வேண்டும். அரைகுறையாக இருக்கும்போது திருகை இறுக்கினால் எண்ணெய்ப் பம்பு உடையும். பழைய பெட்டியின் உலோகத் துகள்கள் எண்ணெய்க் குளிர்விப்பானில் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் விட்டால் வந்த பெட்டியும் விரைவில் கெடும். சி.வி.டி-க்கு அதற்குரிய எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். சாதாரண ஆட்டோ கியர் எண்ணெய் ஊற்றினால் பட்டையும் கப்பியும் வழுக்கித் தேயும்.

விலையை எப்படிக் கணக்கிடுவது

பெட்டியின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று சொல்லிவிட முடியாது. கூலி, எண்ணெய், சீல்கள், தேவைப்பட்டால் கணினி, வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கான லாரி வாடகை ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பொருந்தாத பெட்டியைக் கழற்றி மீண்டும் பூட்டினால் கூலி இரண்டு மடங்கு. கடைக்குச் சரக்கு வராத நாட்களும் இரண்டு மடங்கு. அந்தக் கணக்கில், நம் வண்டியின் பெட்டியையே பிரித்துப் பழுதுபார்ப்பது சில வேளைகளில் மலிவாகிவிடும். ஆகவே இரண்டு பட்டறைகளில் விலை கேட்டு, பாக எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பிறகே முன்பணம் கொடுப்போமாக.