முதலாம் தரத்துக்கு எந்தப் பாடசாலை? ஊர்ப் பாடசாலையா, நகரப் பாடசாலையா?



முதலாம் தரத்தில் சேரவேண்டிய பிள்ளைக்கு முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே பிள்ளை முன்பள்ளியில் கடைசி ஆண்டைத் தொடங்கும்போதே இக்கேள்வி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பக்கத்திலுள்ள சிறிய பாடசாலையில் விடுவதா, அல்லது கடன்பட்டேனும் நகரத்திலுள்ள பெரிய பாடசாலைக்கு அனுப்புவதா?

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கு இது இன்னும் பாரமான கேள்வி. காணி கைவிட்டுப் போனது. கிணறும் பயிரும் போயின. பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் எவராலும் பறிக்க முடியாத முதுசம் என்று நீங்கள் எண்ணுவது நியாயமே. அதனாலேயே இத்தீர்மானத்தை அயலவரின் பேச்சைக் கேட்டு எடுக்காமல், கணக்குப் பார்த்தும் நேரில் சென்று பார்த்தும் எடுக்க வேண்டும். அதற்கு உதவுவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. உங்கள் உரிமை எது?

இந்நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். அக்காலக் கல்வி அமைச்சர் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா மத்திய பாடசாலைகளைக் கிராமப் பகுதிகளில் நிறுவினார். நல்ல பாடசாலையைத் தேடி ஏழைப் பிள்ளை நகரம் போகாமல், நல்ல பாடசாலை ஏழைப் பிள்ளையைத் தேடி வரவேண்டும் என்பதே அதன் உட்பொருள். 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆகவே உங்கள் பிள்ளைக்கு ஓர் இடம் கொடுப்பது எவரும் செய்யும் தயவு அல்ல. அது பிள்ளையின் உரிமை.

பாடசாலை சேரும் ஆண்டின் ஜனவரி 31 ஆம் திகதியன்று பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். பிறப்பு மூன்று மாதத்துக்குள் பதியப்படாமற் போயிருந்தால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் செல்லலாம். இறுதி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். கிராம அலுவலரிடம் இன்றே பேசுங்கள்.

போட்டி மிகுந்த பெரிய பாடசாலைகளில் புள்ளி முறைப்படியே பிள்ளைகள் தெரிவு செய்யப்படுகின்றனர். பாடசாலைக்கு அருகே வசிப்போர், பழைய மாணவரின் பிள்ளைகள், அங்கு ஏற்கெனவே படிப்போரின் சகோதரர் எனப் பிரிவுகள் உண்டு. வசிப்பிடத்தைக் காட்ட வாக்காளர் இடாப்பு, வீட்டு உறுதி, மின்சாரப் பட்டியல் போன்றவை கேட்கப்படும். உறவினர் வளவில் கொட்டில் போட்டு இருப்பவரிடம் இவை எங்கே இருக்கும்? எனவே இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அப்போட்டியில் புள்ளி குறைவது வழமை. பிள்ளை கெட்டிக்காரன் அல்ல என்பது அதன் பொருள் அன்று. இன்னொன்று: அனுமதிக்காக நன்கொடை என்ற பெயரில் எவரும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அது சுற்றுநிருபங்களுக்கு முரணானது. கையில் இருக்கும் விதைக்காசையும் நகையையும் அதற்காக இழக்க வேண்டாம்.

2. பெயர் பெரிதானால் படிப்பும் பெரிதாகுமா?

பெயரை மட்டும் பார்த்துப் பாடசாலை தெரிவு செய்வது நம்மிடம் மட்டும் உள்ள பழக்கமல்ல. ஐக்கிய அமெரிக்காவில் 1991 இல் மினசோட்டா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி அரச பணத்தில், ஆனால் தனியான நிர்வாகத்தில் நடக்கும் ‘சாட்டர்’ பாடசாலைகள் தோன்றின. அயற் பாடசாலையை விட்டு இவற்றுக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் வரிசையில் நின்றனர். 2009 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 16 நிர்வாகப் பகுதிகளில் இவற்றை ஆராய்ந்தனர். கணிதத்தில் 17 வீதமான சாட்டர் பாடசாலைகளே அயற் பாடசாலைகளைவிட மேலாக இருந்தன. 46 வீதமானவற்றில் வேறுபாடு இல்லை. 37 வீதமானவை அயற் பாடசாலைகளைவிடக் கீழாகவே இருந்தன. அதே ஆய்வாளர் 2023 இல் வெளியிட்ட ஆய்வில் நிலை மாறி, சாட்டர் பாடசாலைகள் சராசரியில் சற்று முன்னே நின்றன. எனினும் பாடசாலைக்குப் பாடசாலை வேறுபாடு பெரிதாகவே இருந்தது. இதிலிருந்து நாம் படிப்பது: பாடசாலையின் வகையோ பெயரோ உத்தரவாதம் அல்ல. ஒவ்வொரு பாடசாலையையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

“ஊர்ப் பாடசாலையில் ஒரு ஆசிரியர் மூன்று வகுப்பைப் பார்க்கிறார், அங்கே என்ன படிப்பு?” என்று கேட்பீர்கள். தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் கமக்காரக் கிராமங்களில் 1970களின் நடுப்பகுதியில் ‘புதிய பாடசாலை’ என்ற முறை தொடங்கியது. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒரே அறையில் நடத்துவார். பிள்ளைகள் சிறு குழுக்களாக வழிகாட்டி நூல்களைக் கொண்டு தாமே கற்பர்; மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் வரமுடியாத பிள்ளை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1997 இல் இலத்தீன் அமெரிக்க நாடுகளில் யுனெஸ்கோ நடத்திய ஒப்பீட்டில், மிகப்பெரிய நகரங்களை விட்டுப் பார்த்தால், கொலம்பியாவின் கிராமப் பிள்ளைகள் நகரப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்திருந்தனர். அந்நாட்டுப் போரினால் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் பின்னர் இம்முறை பயன்பட்டது. சிறிய பாடசாலை என்பதாலேயே அது கெட்ட பாடசாலை ஆகிவிடாது. ஆனால் அங்கே ஆசிரியர் நாளாந்தம் வந்தார். முறையும் நூலும் இருந்தன. இவை இல்லாவிட்டால் சிறிய பாடசாலை வெறும் கட்டடமே.

3. தூரத்தின் கணக்கு

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். நகரப் பாடசாலைக்குப் போக முக்கால் மணி, திரும்பி வர முக்கால் மணி என்று வைப்போம். நாளுக்கு ஒன்றரை மணி. ஆண்டில் ஏறத்தாழ 200 பாடசாலை நாட்கள். மொத்தம் 300 மணி. முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளுக்கு வழமையாகக் காலை 7.30 முதல் 11.30 வரையே பாடசாலை. அதாவது நாளுக்கு நான்கு மணி. எனவே 300 மணி என்பது 75 பாடசாலை நாட்களுக்குச் சமம். ஐந்து வயதுப் பிள்ளை அவ்வளவு நேரத்தையும் பஸ்ஸிலும் வானிலும் தூங்கி வழிந்தே கழிக்கிறது.

இன்னும் உண்டு. பெரிய பிள்ளைகளையும் ஏற்றும் வான் 1.30 மணிக்குப் பின்னரே புறப்படும். சின்னப் பிள்ளை இரண்டு மணி நேரம் எங்கே காத்திருக்கும்? யார் பார்த்துக்கொள்வார்? தாயே கூட்டிச் சென்று காத்திருந்து கூட்டி வந்தால், களை பிடுங்கும் நாளில் அவரது கூலி போய்விடும். இ.போ.ச. பஸ்ஸில் மாணவருக்குச் சலுகைப் பருவச்சீட்டு உண்டு. வானுக்கு மாதக் காசு. வான் காசு, சாப்பாடு, இழந்த கூலி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அத்தொகையில் ஒரு பகுதியைக் கதைப் புத்தகத்துக்கும், முட்டைக்கும், இரவில் படிக்க ஒரு நல்ல விளக்குக்கும் செலவிட்டால் பிள்ளைக்கு என்ன நன்மை என்பதையும் அருகில் எழுதிப் பாருங்கள்.

ஐந்தாம் தரம் முடிந்தபின் நிலைமை வேறு. அப்போது பிள்ளை வளர்ந்திருக்கும். புலமைப்பரிசில் பரீட்சை மூலம் பெரிய பாடசாலைக்குச் செல்லும் வழியும் உண்டு. முதலாம் தரத்தில் ஊர்ப் பாடசாலையில் சேர்ப்பதால் எந்தக் கதவும் நிரந்தரமாகப் பூட்டப்படுவதில்லை.

4. சென்று பார்க்க வேண்டியவை

விதை வெங்காயம் வாங்கும்போது கையிலெடுத்து அமர்த்திப் பார்க்கிறோம். பாடசாலையையும் அவ்வாறே பார்க்க வேண்டும். அதிபரிடம் அனுமதி பெற்று இரு பாடசாலைகளுக்கும் ஒவ்வொரு காலைப் பொழுது செல்லுங்கள். கவனிக்க வேண்டியவை:

முதலாவது, முதலாம் தர ஆசிரியர் ஆரம்பக் கல்வியில் பயிற்சி பெற்றவரா? நாளாந்தம் வருகிறாரா? முன்பு அங்கே படித்த பிள்ளைகளின் தாய்மாரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகள் பேசுகிறார்களா, பாடுகிறார்களா, கைகளால் ஏதும் செய்கிறார்களா? அல்லது கரும்பலகையைப் பார்த்து எழுதுவது மட்டுமா?

மூன்றாவது, இரண்டாம் தரப் பிள்ளை ஒன்றை, தெரியாத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அது பொருள் விளங்கி வாசித்தால் அப்பாடசாலையில் வேலை நடக்கிறது. பெயர்ப்பலகையைவிட இதுவே நல்ல சாட்சி.

நான்காவது, குடிநீரும் மலசலகூடமும் பாவிக்கக்கூடிய நிலையில் உள்ளனவா?

ஐந்தாவது, உங்கள் பிள்ளையை எப்படி அழைப்பார்கள்? ‘முகாம் பிள்ளை’ என்று ஒதுக்கும் இடத்தில், கட்டடம் எத்தனை மாடியானாலும் பிள்ளை கற்காது. போரின் சத்தத்தையும் பெற்றோரின் கண்ணீரையும் அறிந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, முதலில் வேண்டியது பயமின்றி இருக்கக்கூடிய ஓர் ஆசிரியர்.

5. அயல் வீட்டுப் பிள்ளை

இங்கே நம் விசுவாசமும் ஒன்று கேட்கிறது. 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று கற்பிக்கிறது. ஆகவே தெரிவு உங்களுடையது. பங்குத்தந்தையோ அதிகாரியோ அதை உங்களுக்காகச் செய்ய முடியாது. ஆனால் நம் தெரிவு நம் வீட்டோடு நின்றுவிடுவதில்லை.

ஆசிரியர் எண்ணிக்கை மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே ஒதுக்கப்படுகிறது. வசதியுள்ள பத்துக் குடும்பங்கள் பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்பினால் ஓர் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைய மேலும் ஐந்து குடும்பங்கள் போகும். இறுதியில் மிஞ்சுவது சைக்கிள்கூட இல்லாத வீட்டுப் பிள்ளையும், தகப்பனை இழந்து அம்மம்மாவோடு வாழும் பிள்ளையுமே. பின்னர் பாடசாலையும் மூடப்படும். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறியவர்களும், வன்னியில் 2009 வரை ஊர் ஊராக அலைந்தவர்களும் அறிவார்கள்: ஊருக்குத் திரும்பும்போது குடும்பங்கள் முதலில் கேட்பது “பள்ளிக்கூடம் நடக்குதோ?” என்பதையே. பாடசாலை இல்லாத ஊருக்கு இளம் குடும்பம் திரும்பாது.

அதற்காக உங்கள் பிள்ளையைப் பலியிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மேலே கூறிய ஐந்தில், ஆசிரியர் வருகையும் வாசிப்பும் பயமின்மையும் ஊர்ப் பாடசாலையில் இருந்தால், ஐந்து முதல் பத்து வயது வரை அதுவே நல்லது என்பது என் தெளிவான கருத்து. அவை இல்லையென்றால், தனியே ஓடுவதற்கு முன் கூட்டாக ஒரு முயற்சி செய்யுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தகப்பன்மாரும் செல்ல வேண்டும். குறைகளை எழுதி, எல்லாப் பெற்றோரும் கையொப்பமிட்டு, அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனைக்குக் கொடுங்கள்; பிரதி ஒன்றை வைத்திருங்கள். ஒரு தவணைக்குப் பின் மீண்டும் சென்று கேளுங்கள். ஓராண்டு முயன்றும் ஆசிரியர் வரவில்லையானால், பிள்ளையை மாற்றுவதில் குற்ற உணர்வு வேண்டாம். பிள்ளையின் காலம் நமக்காகக் காத்திராது.

எந்தப் பாடசாலையானாலும், இரவில் பதினைந்து நிமிடம் பிள்ளையோடு இருந்து அன்று நடந்ததைக் கேளுங்கள். எழுத்தறியாத தாயும் கதை சொல்லலாம். தோட்டத்தில் வெங்காய மூட்டைகளை எண்ண வைக்கலாம். அதுவும் பாடசாலையே.

குழுக் கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. நம் ஊரில் இவ்வாண்டு முதலாம் தரத்தில் சேரவேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர்? பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர் யார்?

2. நகரப் பாடசாலைக்குப் போகும் பிள்ளை ஒன்றின் மாதச் செலவையும் பயண நேரத்தையும் கணக்கிடுங்கள். அதற்கு ஈடான பயன் கிடைக்கிறதா?

3. நம் ஊர்ப் பாடசாலையில் உடனே திருத்தக்கூடிய குறைகள் எவை? அவற்றில் நம் கைகளால் செய்யக்கூடியது எது, பணிமனையிடம் கேட்க வேண்டியது எது?

4. எவரும் கூட்டிச் செல்ல இல்லாத பிள்ளையை நாளை யார் பாடசாலைக்குக் கூட்டிச் செல்வது? பெயரைக் குறித்துக்கொண்டு கலைந்து செல்லுங்கள்.